பன்னிரண்டில் ஏழு

சூரிச்சிலிருந்து வந்த தவரூபன்
சொக்லேற்றுக்கும் சப்பாத்துக்கும் நடுவே
துவாயில் சுற்றி ஓர் இறுவட்டுக் கொண்டுவந்தான்.
பொன் பூசியது. விலையைப் பிராங்கில் சொன்னான்.
நான் ரூபாயில் பெருக்கி,
மல்லாவிக் கடையில் அதற்கு
எத்தனை பை சீமெந்து வரும் என்று பார்த்தேன்.

கலியாண வீடுகளுக்கு ஸ்பீக்கர் கட்டுகிறவன் நான்.
கடைசிப் பந்திக்காரனுக்கும் கேட்க வேணும்,
மைக் கூவக்கூடாது.
எனக்கு ஒலி என்றால் அவ்வளவுதான்.
இடது காதில் மேல் சத்தங்கள் இல்லை.
வவுனியா ஆஸ்பத்திரியில் கீறித் தந்த கோடு
ஏ-ஒன்பது வீதி மாதிரி நேரே போய்
நாலாயிரத்தில்
குளக்கட்டால் சைக்கிள் இறங்கின மாதிரி விழுகிறது.
ஏன் என்று அவர்கள் கேட்கவில்லை.
இந்தப் பக்கத்தில் அதை ஆரும் கேட்பதில்லை.

வீணை.
"நரம்புக்குப் பின்னால இருக்கிற அமைதியைக் கேள்.
கறுப்பு, மச்சான். தார்க் கறுப்பு.
உன்ர சாதாரண சீடியில இது சாம்பல்."
அதே கச்சேரி, சாதாரணம், என் அலுமாரியிலும் இருந்தது.

மைத்துனி சுகிர்தா
உயர்தரத்துக்குப் பௌதிகம் படிப்பிக்கிறவள்.
"சத்தம் ஒரு சொட்டுக் கூடினாலே
நல்லதாத்தான் கேக்கும், அத்தான்" என்று
ஸ்பீக்கர் வயரில் மல்டிமீற்றரை வைத்து
இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தாள்.
பந்தல் தறப்பாளை இழுத்துக் கட்டி
அதன் பின்னால் இரண்டு பிளேயர், ஓர் ஆளி, ஒரு ஐந்து ரூபாக் குத்தி.
பன்னிரண்டு தரம் சுண்டினாள்.
தவரூபன் கண்ணை மூடி,
கடத்தின் விளிம்பையும் மோர்சிங்கின் நுனியையும்
விரலால் காற்றில் தொட்டுத் தொட்டுச் சொன்னான்.

பன்னிரண்டில் ஏழு.

"கேளாமல் சொன்னாலும் ஆறு வரும்" என்றாள்.
அவன் கரண்டைக் குற்றம் சொன்னான்,
பிறகு பிரிட்ஜை,
பிறகு எங்கள் தகரக் கூரையை.

நான் சிரிக்கவில்லை.
எனக்கு எல்லாத் தரமும் தெரிந்திருந்தது.
இரண்டு சங்கதிக்கு நடுவே
வாசிக்கிறவர் மூக்குக்குள் "ம்" என்கிறார்,
சோறு போதும் என்கிறவர் மாதிரி.
ஒன்றில் அது இருக்கிறது.
மற்றதில் இரைச்சலைத் துடைத்த ஆரோ
ஆளையும் சேர்த்துத் துடைத்துவிட்டார்கள்.
அந்தத் தார்க் கறுப்பு
என் மலிவுச் சீடியில்தான் இருந்தது.

"மினுக்கத்தை விடு. இடைவெளியைக் கேள்" என்றேன்.
பன்னிரண்டில் பன்னிரண்டு.
"பாத்தியா, பொன்!" என்று எழும்பியே விட்டான்.

சுகிர்தா வாய் திறக்கவில்லை.
பொன்னைக் கணினிக்குள் தள்ளி
ஐம்பது ரூபா வெற்றுத் தட்டு ஒன்றில் பிரதி எடுத்தாள்,
மார்க்கரால் "பி" என்று எழுதினாள்,
திரும்பவும் தறப்பாளுக்குப் பின்னால் போனாள்.
பொன்னிலும் "ம்" வந்தது.
ஐம்பது ரூபாயிலும் "ம்" வந்தது,
அதே சளி, அதே இடம்.
பன்னிரண்டில் ஐந்து.

கனநேரம் கழித்துத்தான் அவன் கேட்டான்:
"அப்ப, அதை வெட்டாமல் விட்டது ஆர்?"
அட்டையை ரோச் வெளிச்சத்தில் பிடித்தோம்.
எறும்பு எழுத்தில், கடைசி மடிப்பில்,
உச்சரிக்கத் தெரியாத ஒரு பெயர் இருந்தது.
என் சீடியின் அட்டையில்
வெட்டினவரின் பெயர் இல்லை.

போகும்போது ஒன்றைத் துவாயில் சுற்றினான்.
எதை என்று நான் பார்க்கவில்லை;
விடிய அலுமாரியில் பொன் இருந்தது.

வியாழன் ஒலுமடுவில் கலியாணம்.
மந்திரத்துக்கு நடுவே ஐயருக்குச் செருமல்.
வழமையாக அந்தக் குமிழை இறக்கிவிடுவேன்.
இறக்கினேன்.
பிறகு, ஆரும் பார்க்காத நேரம்,
ஒரு கீறு ஏற்றினேன்.