ஆட்சேபணை இல்லை

மடிக்கணினியில் ற வேலை செய்யாது.
சம்மதம் என்று அடிக்கலாம், தடையில்லை.
ஒப்புதல், இணக்கம், உடன்பாடு
எல்லாம் வந்து வரிசையாக உட்காரும்.
மறுப்பு வேண்டுமென்றால்
பழைய கோப்பு ஒன்றைத் திறந்து
ஒரு ற-வை நகலெடுத்து வந்து ஒட்ட வேண்டும்.
இறையாண்மைக்கும் அப்படித்தான்,
பக்கத்துக்கு ஒன்பது முறை.

அதற்கு வேர்ச்சொல் கேட்டார் இன்னாசிமுத்து சார்.
இறை என்றால் அரசன் சார், வரி சார்,
கடவுளும்கூட சார் என்றேன்.
எங்கள் பக்கம் அது ஏவல் என்பதைச் சொல்லவில்லை.
மேட்டூர் திறந்த சேதி அன்றைக்கே வந்துவிடும்,
தண்ணீர் நாற்பது நாள் கழித்து வரும்.
கோரையாற்றில் முழங்கால் அளவு கிடப்பதை
ஆயில் என்ஜினை வைத்து
இறை, இன்னும் இறை என்று
ஐப்பசி முழுக்கக் கத்துகிற கடைமடை.

இரண்டாம் இயல்: வாய் திறவா ஒப்புதல்.
கோட்பாட்டை நான் இப்படிப் புரிந்துகொண்டேன்:
வாய்க்கால் தண்ணீரில் வாய் கொப்பளித்தவள்
மதகின் சட்டத்துக்கு இசைந்தவள்.
துப்பிவிட்டால்?
என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தேன்.
சார் அதை அடித்துவிட்டு
‘ஆய்வு நடை’ என்று எழுதித் தந்தார்.

ஒரு சான்று கிடைக்குமே என்று
ஊராட்சி அலுவலகத்துக்குப் போனேன்.
கிளார்க் தீர்மானப் புத்தகத்தை எடுத்துப் போட்டுவிட்டு
டீ குடிக்கப் போய்விட்டார்.
அக்டோபர் இரண்டு, கிராம சபை.
தீர்மானம் ஏழு:
வடிகாலோரப் புறம்போக்கில் இறால் குட்டை அமைக்க
பொதுமக்களுக்கு ஆட்சேபணை இல்லை.
ஏகமனதாக.
கீழே நூற்று நாற்பத்தாறு கையெழுத்து.

சபை கூடியதை யாரும் பார்க்கவில்லை.
நூறு நாள் வேலையில் வரப்போரம் மண் வெட்டும்போது
ஒரு நோட்டு சுற்றி வந்தது,
மேல் பாதி வெறுமையாக.
வருகைப் பதிவு என்று நினைத்தோம்.

நினைத்தோம். ஆமாம்.
வரிசை எண் எண்பத்து மூன்று, ர. தையல்நாயகி.
அந்த ‘தை’யின் கொம்பு தேவைக்கு மேல் வளைந்திருக்கிறது.
அது என் கை.
அம்மாவுக்கு அன்று காய்ச்சல்,
மண்வெட்டியோடு போனது நான்.
ஒரு நாள் கூலி போய்விடக் கூடாதே என்று
அம்மா பெயரை நான்தான் போட்டேன்.
பத்து மாதமாக
ஒப்புதலைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறவள்.

ராத்திரி சொன்னேன். அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தது.
“நீ போட்டா நான் போட்ட மாதிரிதானடி.
இதுக்குப் போயி.”
செதில் ஒன்று தெறித்து
என் மணிக்கட்டில் ஒட்டியது.

மூன்றாம் இயல் பிரதிநிதித்துவம்.
அந்த வாக்கியத்துக்கு எதிராக
ஒரு வாதம் கிடைத்தால் தொடங்கலாம் என்றிருந்தேன்.
நூலகம் மூடும்வரை தேடினேன்.
அவர்கள் எல்லோரும்
கொஞ்சம் நீளமாக
அம்மா சொன்னதையே சொல்கிறார்கள்.

களச் செய்தி கோட்பாட்டில் ஒட்டாது,
அடிக்குறிப்பில் போடுங்கள் என்றார் சார்.
நாற்பத்தொன்றாம் அடிக்குறிப்பு.
என்னையும் சேர்த்து நான்கு வரி.

திருத்துறைப்பூண்டி, ஜபருல்லா பாய் கடை.
நான்கு பிரதி, கெட்டி அட்டை, தங்க எழுத்து.
இவ்வாய்வேடு என் சொந்த முயற்சியே என உறுதி கூறுகிறேன்.
கடைசி வரிக்கும் என் பெயருக்கும் நடுவில்
மூன்று விரல் இடம்.
அதில் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டுக்
கையெழுத்துப் போட்டேன்.
“என்னம்மா, பத்திரமா எழுதுறே?” என்றார் பாய்.
நான்கிலும் இழுத்தேன்.

பசை காய ஒரு மணி நேரம் ஆகுமாம்.
கடைக் கணினி சும்மா கிடந்தது.
தீர்மானம் ஏழு தொடர்பாக என்று தொடங்கி
மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனு.
வீட்டுக்குக் கொண்டுபோய்
அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.
வாசிக்கப் போவதும் என் குரல்தான்,
அதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.
மறுக்கிறோம் என்று அடித்தேன்.
இரண்டு ற.
இரண்டும் விழுந்தன.