இறங்குமுன்

இரத்மலானை ஹங்கரின் தகரக்கூரை
பிற்பகல் முழுவதையும் எங்கள் தலையில் காய்ச்சி ஊற்றுகிறது.
பன்னிரண்டு இருக்கைச் சின்ன ஜெட்.
இடது இறக்கையின் முன்விளிம்பை
வெளியே தள்ளிப் பார்க்கிறோம். சிலாட்.
வளைந்த தண்டவாளத்தில் வருகையில்
ஒருமுறை இருமுகிறது,
பிறகு வழுக்கி வந்து நிற்கிறது.
"அந்த இருமல்தான்" என்கிறான் ஃபஸ்லான்,
மூக்கு நுனியில் கிரீஸோடு.

வேகத்தில் இதற்கு வேலையில்லை.
இறக்கையோடு இறக்கையாய் ஒட்டிக்கொண்டு
தனக்கென்று ஒரு பெயரும் இல்லாமல் கிடக்கும்.
மெதுவாகும்போதுதான் வில்லங்கம்.
வேகம் குறையக் குறைய விமானம் மூக்கைத் தூக்கும்,
தூக்கத் தூக்க
மேல்தோலைத் தடவி வந்த காற்று
வளைவில் பிடி நழுவும்,
சுருளும், குழம்பும், கைவிட்டுப் போகும்.
இறக்கை அப்போது வெறும் அலுமினியம்.

அதற்காகத்தான் இந்த மெல்லிய துண்டு
முன்னே நகர்ந்து தலைகுனிந்து
பின்னால் ஒரு கீற்று வெளி விட்டு நிற்கிறது.
மூக்கோரத்து உறிஞ்சலின் கூர்மையை
முதலில் தானே வாங்கிக்கொள்கிறது.
பின்னாலிருக்கும் பெரியதுக்குப் பாரம் தணிகிறது.
கீற்றின் வழியே களைக்காத காற்று வந்து சேர்கிறது.
இன்னும் சில பாகை நிமிரலாம்.
இன்னும் கொஞ்சம் மெதுவாகலாம்,
விழாமல்.

கீற்று கூடினாலும் பிழை, குறைந்தாலும் பிழை.
அளவுத் தகட்டை நுழைக்கிறேன், மாட்டுகிறது.
உருளையொன்று ஒரு பக்கம் தட்டையாய்த் தேய்ந்திருக்கிறது.
கழற்றி உள்ளங்கையில் வைத்தேன்.
நெல்லிக்காயளவு. சூடாக இருந்தது.
விஜேதுங்க மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்,
பேனையை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

ஐந்தரைக்கு நூறாம் இலக்க பஸ்.
வெள்ளவத்தையில் அது நிற்பதில்லை,
நிற்கப்போவதாக ஒரு பாவனை, அவ்வளவே.
"பஹின்ன, பஹின்ன!"
கொண்டக்டர் கதவுத் தகரத்தில் அடிக்கிறான்.
பையை நெஞ்சோடு இறுக்கி
இடது காலை முன்னே நீட்டி
உடம்பைக் கொஞ்சம் பின்சாய்த்து
காலி வீதியில் இறங்குகிறேன்.
இரண்டு எட்டு ஓட்டம். மூன்றாவதில் நடை.

ரோல்ஸ் கடைக்கு மேலே, மின்கம்பிக்கு
ஒரு காகம் வருகிறது, கடல் பக்கமிருந்து,
எதிர்காற்றில் ஏறக்குறைய நின்றபடி.
கால்கள் கம்பியைத் தொடுமுன்
சிறகின் முன்விளிம்பில்
கட்டைவிரல் இருக்கவேண்டிய இடத்தில்
சின்ன இறகொன்று தனியே எழுந்து
கீற்று விட்டது. நான் பார்த்தேன்.
அதன் பின்புதான் அமர்ந்தது.
கிரீஸ் இல்லை, உருளை இல்லை,
யாருடைய கையொப்பமும் இல்லை.

ஃபஸ்லானுக்கு எழுதினேன்:
காகத்துக்கும் இருக்கு.
வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது:
உருளை செவ்வாய்க்கிழமைதான் வருமாம்.