பதினாறு

நீலநாக்கு என்று பெயர்.
நாக்கு நீலமாக இல்லை.
உதடு வீங்கி, மூக்கில் சளி காய்ந்து ஓடாகி,
குளம்புக்கு மேலே சிவப்பாய் ஒரு கோடு.
நடக்க விட்டால் முன்னங்கால் முட்டியில் நிற்கிறது செம்மறி.
"பேரு வச்சவன் எங்க ஆட்டப் பாத்ததில்ல"
என்கிறார் செல்லக்கண்ணு மன்னாடி.
கழுத்து நரம்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்கிறேன்.
மழையில் மன்னவனூர் ஏரி காணவில்லை.
ஊதா மூடிக் குப்பியில் ஐந்து மில்லி.

கடித்தது எள்ளில் பாதிகூட இல்லாத பூச்சி.
கீழ்க்காற்று அதை மலையேற்றி விட்டிருக்கும்.
வண்டிக்குத்தான் இ-பாஸ்.

மருந்தகத்தில் மூன்று நாளாய்க் கரண்ட் இல்லை.
கொடைக்கானல் ஏரிக்கரையில் ஐஸ்கிரீம் விற்கும் தாவூது
பிஸ்தாவை ஒருபக்கம் ஒதுக்கி
என் ஐஸ் பொட்டலங்களுக்கு இடம் விட்டிருந்தார்.
"ரத்தத்த மட்டும் உள்ள வச்சிராதீங்கம்மா,
யாவாரம் கெட்டுப்போகும்."

தெர்மாக்கோல் பெட்டி இறங்குகிறது.
வெள்ளி அருவி, பெருமாள்மலை, ஊத்து, டம்டம் பாறை.
வத்தலக்குண்டு வரும்போது எல்லோருக்கும் காது திறக்கிறது.
கண்டக்டர் ஜேசுராஜ் லக்கேஜ் போடவில்லை.
பூண்டு மூட்டைக்காரி ஒருத்தி மடியிலேயே வைத்திருந்தாளாம்,
உள்ளே கேக் என்று நினைத்து.

சென்னை சொன்னது: கிருமி உண்டு.
எந்த வகை?
இருபத்துநாலுக்கும் மேலே இருக்கின்றன,
ஊசிமருந்துக்குள் இருப்பது ஐந்து.
பெங்களூரில் அது இரண்டு வகைக்கும் கை தூக்கியது,
பதில் தெரியாத பையன்போல.
கடைசியில் கடல் தாண்டி
புகைந்துகொண்டே வந்து இறங்கியது உலர்பனிப் பெட்டி ஒன்று.
ஒவ்வொரு வகைக்கும் ஒரு மூலச் சீரம்,
இதனோடு ஒப்பிட்டுப் பார் என்று ஒரு தாள்.

மன்னாடிக்கு நான் சொன்னது இப்படி:
வடுகபட்டி மண்டியில எடைக்கல்லுக்கு
வருசா வருசம் முத்திரை குத்துவாங்கள்ல?
அவங்க கையில ஒரு கல் இருக்கும்.
அந்தக் கல்லுக்கும் ஒரு கல் இருக்கு.
"அந்தக் கடைசிக் கல்லு தேஞ்சா?"

பதில் இல்லாததால் வேறொன்று சொன்னேன்.
ஆண்டுக்கொரு முறை
பெயரெழுதாத பத்துக் குப்பிகள் நாடு நாடாகப் போகும்.
ஒட்டகம் மேயும் ஊருக்கும் பனி கொட்டும் ஊருக்கும்
அதே பத்து.
எல்லோருக்கும் ஒரே விடை வர வேண்டும்.
போன தடவை ஆறாம் குப்பியில் நம் ஆட்கள் தவறினார்கள்.
திட்டு வரவில்லை. போன் வந்தது.
எந்தத் தண்ணீர், எத்தனை டிகிரி, பிப்பெட்டைப் பிடித்தது யார்,
குப்பி எவ்வளவு நேரம் வெளியே இருந்தது,
ஒன்றே கால் மணி நேரம்.

"தப்புன்னும் சொல்லி,
கூட உக்காந்து கணக்கும் பாக்குறானா?"
ஆமா.
"அப்பக் கல்லு தேஞ்சா தேஞ்சிட்டுப் போகுது."

முடிவு ஒரு புதன்கிழமை வந்தது.
பதினாறாம் வகை.
"பதினாறா? கல்யாணத்துல வாழ்த்துற எண்ணாச்சே"
என்று சிரித்தார்.
பீடியைப் பற்றவைத்து, பட்டியைப் பார்த்தபடி,
"காரியம் பண்றதும் அதே எண்ணுல தான்."
அதற்குள் பதினொன்று செத்திருந்தன.

மருந்தில் இருக்கும் ஐந்தில் பதினாறும் ஒன்று.
கூக்கால், பூண்டி, கவுஞ்சி என்று
பட்டி பட்டியாய் ஊசி போட்டோம்,
நானும் உதவியாளர் பாக்கியவதியும்.
சாக்ஸுக்குள் அட்டை.
அவள் எண்ணுவதை நிறுத்தவே இல்லை,
முன்னூற்றிப் பன்னிரண்டு, முன்னூற்றிப் பதிமூன்று.

அந்தப் பெட்டை ஆட்டின் கிருமி இப்போது
எங்கோ ஒரு தேசத்தில்
சுழிக்குக் கீழே எண்பது டிகிரியில்
ஊர்ப்பெயரும் வருடமும் ஒட்டி உறைந்திருக்கிறது,
வேறெவர் ஆட்டுக்கோ எடைக்கல்லாக.
மன்னாடியிடம் சொன்னேன்.
பெருமைப்படுவார் என்று நினைத்தேன்.

"அங்க கரண்டு போகுமா?"