நிச்சயமின்மைக்கான கட்டம்

மலாயில் ஐந்து சொற்கள் தந்திருக்கிறார்கள்:
இல்லையெனலாம், குறைவு, நடுத்தரம், அதிகம், மிக அதிகம்.
ஒன்றை வட்டமிட வேண்டும்.
அலோர் ஸ்டாரில் யாரோ அதை எண்ணாக்கிப்
பெருக்கிக்கொள்வார்கள்.

கோலக்கெட்டில், காலை ஒன்பதரை.
ஒட்டுக்கடையில் நெத்திலிச் சம்பல் தும்மவைக்கிறது.
செம்பனைக்குள் என் வண்டி
பள்ளத்துக்குப் பள்ளம் குனிந்து நிமிர்கிறது.
எல்லை ஐம்பது சொச்சம் கிலோமீட்டர் என்பது
மனிதக் கணக்கு.
கோமாரிக்கு எல்லை
ஒரு லோரியின் பின்கதவு.

கேள்வி ஒன்று: நோய் உள்ளே வரும் வழி.
எழுதுகிறேன்:
ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னும் இருபத்தாறு நாள்.
அந்தப் பக்கம் ஒரு காளை மூவாயிரத்து முந்நூறு ரிங்கிட்,
இந்தப் பக்கம் ஐயாயிரத்து எழுநூறு.
நடுவில் ரப்பர் காடு, ஓர் ஆறு,
டார்ச் அடிக்காமல் நடக்கத் தெரிந்த இரண்டு பையன்கள்.
கிருமியை யாரும் ஓட்டிவருவதில்லை.
விலைதான் ஓட்டிவருகிறது.

இவ்வளவுக்கும் மூன்று வரி இடம்தான் விட்டிருக்கிறார்கள்.

சன்னாசிக்கு முப்பத்தெட்டு உருப்படி,
நிர்வாகம் கண்டும் காணாத புல்லில்.
"எல்லாம் இங்கயே பொறந்ததுங்க டாக்டரம்மா."
நான் டாக்டர் இல்லை. திருத்தி அலுத்துவிட்டது.
எல்லாக் காதிலும் மஞ்சள் வில்லை.
ஒரு செவலையின் காதில் மட்டும்
வில்லைக்குப் பக்கத்தில் இன்னொரு துளை,
ஆறிய துளை,
அடகுக்குப் போன மூக்குத்தியின் இடம்போல.

வாயைத் திறந்து பார்த்தேன். நாக்கு சுத்தம்.
குளம்பிடுக்கு சுத்தம். சூடு இல்லை.
சுத்தம் என்றால் இன்றைக்குச் சுத்தம்.
இரண்டு வாரம் வாய் திறக்காமல்
உள்ளே உட்காரத் தெரியும் அதற்கு.

பேர் என்ன என்றேன்.
"ரோஜா" என்றார், எச்சில் விழுங்கிவிட்டு.
ரோஜா, ரோஜா.
செவலை புல்லையே பார்த்தது.

அப்போதுதான் கழுநீர் வாளியோடு வந்தாள்
தொம்யாம் கடைப் பெண், ஹாட்யாய்க்காரி.
(வாளியில் என்னென்ன எலும்பு? அது கேள்வி நான்கு.)
வாளியை வைத்துவிட்டுப் பழக்கத்தில்
"மா" என்றாள்.

செவலை தலையைத் தூக்கியது.
மூன்று எட்டு வைத்தது.

அவள் மொழியில் அதற்கு, வா.
நம் பழைய மொழியில், விலங்கு.
சன்னாசி தரையைப் பார்த்தார்.
"எந்தச் சத்தத்துக்கும் திரும்பும்ங்க மாடு."
திரும்பும்தான்.
சாட்சி சொல்வதற்குப் படிவத்தில்
மாட்டுக்கு இடமில்லை.

பெண்ணின் பேரைக் கேட்டேன். நோய்.
சின்னவள் என்று பொருளாம், சிரித்தாள்.
நல்லவேளை படிவம் தமிழில் இல்லை.
இருந்தும் எழுதவில்லை.
வருகிறவர்களின் பேரிலேயே வியாதியைப் படிக்க
ஆட்கள் எப்போதும் காத்திருக்கிறார்கள்.

கேள்வி ஏழு: விளைவு.
அதிகம் என்றால் முப்பத்தெட்டும் பட்டிக்குள்.
பால் பள்ளிக்கூட வாசலுக்குப் போகாது,
பெருநாளுக்கு வாங்கிய முன்பணம்
இவர் கழுத்தில் தொங்கும்.
குறைவு என்றால் இன்றிரவே
ஒரு லோரி கூலிமுக்கு.
இரண்டையும் பெருக்கி ஓர் எண் ஆக்கலாம்.
அந்த எண்ணுக்கு மூன்று பிள்ளைகள்
இருக்கமாட்டார்கள்.

அதிகம் என்று வட்டமிட்டேன்.
சன்னாசி பேனாவைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

பரவும் வழிகள், வரிசை பதினொன்று காலி.
நேற்று பாலிங்கில் இரண்டு பட்டி,
இன்று விடியலில் ஒன்று,
எல்லாம் இதே பூட்ஸ்.
மருந்து வாளியில் முக்கினேன்,
ஆனால் குதிகால் வெடிப்பில்
ஊரறியாத ஒரு சேறு காய்ந்திருக்கிறது.
எழுதினேன்:
ஆய்வுக்கு வந்தவள். காலணி அளவு ஆறு.

வண்டி ஏறுமுன்
யாருக்கும் கேட்காமல் நானும் சொல்லிப் பார்த்தேன்.
மா.

வந்தது.
கையெட்டும் தூரத்தில் நின்று
தலையைத் தாழ்த்தி
என் பூட்ஸை முகர்ந்தது.