காற்றுக் குழாய்

தொப்புளோடு நான் முடிந்துவிடுகிறேன்.
டாக்டர் இதையே நீளமாகச் சொன்னார்,
சன்னலைப் பார்த்துக்கொண்டு.

ஆனால் எரிகிறது.
இல்லாத பாதம் இரண்டும்
இரவு பதினொன்றுக்குப் பற்றிக்கொள்கின்றன,
சுரங்கத்திலிருந்து இரண்டாம் ஷிஃப்ட்
மேலே வரும் நேரம் பார்த்து.
கிள்ளினால் தெரியாத கால்
சும்மா கிடக்கையில் வலிக்கிறது என்றால்
யார் நம்புவார்கள்?
ட்ரூடா நம்பினாள்.

நம்பியதால் அலைந்தாள்.
அவள் தங்கை தேன்மெழுகுக் களிம்பு கொண்டுவந்தாள்.
காந்தப் பட்டை நானூறு ஸ்லோட்டி,
திருப்பி வாங்கிக்கொள்ள மாட்டார்களாம்.
வெந்நீர்க் குளத்தில் என்னைக் கிரேன் வைத்து இறக்கினார்கள்.
மூட்டையாகத் தொங்கினேன்.
தண்ணீர் தொட்டதும் எடை போயிற்று,
இருபது நிமிடம் யாருக்கும் பாரமில்லை.
குதிரையும் உண்டு. பெயர் ஃபசோல்கா,
அவரைக்கொட்டை என்று அர்த்தம்.
இருபுறமும் ஆள் பிடிக்க
அதன்மேல் என்னை ஏற்றி நடத்தினார்கள்.
என் இடுப்பு நடந்தது,
என்னைக் கேட்காமலே.
ட்ரூடா அழுதாள்.
ஃபசோல்கா சாணி போட்டது.

பிறகு டியெப்.
ரிப்னிக் சந்தையில் காலுறை விற்றவள்,
ஹனோயில் படித்த ஊசி வைத்தியத்தைத்
தையல் கடை மாடியில் மறுபடி தொடங்கியிருந்தாள்.
படி பதினேழு.
மைத்துனன்கள் தூக்கினார்கள்,
பத்தாவது படியில் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

ஊசி இறக்கிவிட்டுக் கேட்பாள்:
தெரிகிறதா?
இல்லை.
தெரிகிறதா?
இல்லை.
பன்னிரண்டாவது இல்லையில்
எனக்குத் தொண்டை அடைத்தது.

தொண்ணூற்றெட்டில்
எழுநூறு மீட்டர் ஆழத்தில்
கூரை இறங்கியபோது
காற்றுக் குழாயில் சுத்தியலால் தட்டினோம்.
தட்டு. நிறுத்து. காதை வை.
கல்லுக்கு அப்பால் நான்கு பேர்.
தட்டு. நிறுத்து. காதை வை.
மூன்றாம் நாள் பதில் வந்தது என்றான் அலோய்ஸ்.
சூட்டில் குழாய் விரிந்த சத்தம் என்றார் இன்ஜினியர்.
நாங்கள் தட்டிக்கொண்டிருந்தோம்.

அன்றிரவு பதினொன்றுக்கு எரியவில்லை.
ஒன்றரைக்குத்தான்.
ஊசிதானா,
இல்லை, அரைமணி நேரம் யாரும் என்னிடம்
தைரியமாக இரு என்று சொல்லாததாலா,
தெரியாது. நான் கரி வெட்டியவன்.
அந்த இரண்டரை மணி நேரத்தை
எடை பார்க்காமல் வாங்கிக்கொண்டேன்.

ஐந்தாவது வாரம்
மூலிகைச் சுருட்டு ஒன்றைப் பற்றவைத்துக்
குதிகாலருகே பிடித்தாள்.
போன் அடித்தது. திரும்பினாள்.
வாசனை முதலில் எனக்குத்தான் வந்தது.
கீழே யாரோ சமைக்கிறார்கள் என்று நினைத்தேன்.

ஏழு வாரம் குப்புறக் கிடந்தேன்.
தரையின் மரப்பலகை முப்பத்தொன்று,
ஒன்றில் சிகரெட் சுட்ட தழும்பு.
ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றார் டாக்டர்.
நீங்கள் கேட்கவில்லை என்றேன்.
அவர் பேனாவை மூடினார், திறந்தார்,
பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு,
முதல் தடவையாக,
உட்கார்ந்தார்.

டியெப் பெயரை வீட்டில் எடுக்கக் கூடாது.
வியாழன்தோறும் அவள் வந்து
மாடிப்படித் திருப்பத்தில் நிற்பாள்,
மணி அடிக்காமல் போவாள்.
ஒருநாள் கதவுப்பிடியில் ஒரு பை:
கம்பளிக் காலுறை, என் அளவு, நான்கு ஜோடி.
ட்ரூடா அதை அலமாரிமேல் எறிந்தாள்.
பனி விழுந்த வாரம்
அவளே இறக்கி எனக்கு மாட்டிவிட்டாள்,
தையல் விளிம்பு தோலை அழுத்தாமல்
வெளிப்புறம் திருப்பி.

இப்போது டியெப் எங்கள் வீட்டுக்கு வருகிறாள்.
நெருப்பு கிடையாது, ஊசி மட்டும்.
எண்ணி வைக்கிறாள், எண்ணி எடுக்கிறாள்.
ட்ரூடா முக்காலி போட்டு
என் குதிகாலைக் கையில் ஏந்தி
அவளையே முறைத்துக்கொண்டிருக்கிறாள்.

தெரிகிறதா?

இல்லை, என்கிறேன்.
அடுத்தது.