சவுக்கு விழுங்கிய இரும்பு

மணற்காட்டுக்குள் வண்டியை இறக்க முன்
நாங்கள் ஒரு மரத்தைப் பார்க்கப் போவோம்.
கும்பிட இல்லை.
நெஞ்சுயரத்தில், பட்டைக்குள்,
ஒரு இரும்புக் குண்டு இருக்கிறது,
தேசிக்காயை விடக் கொஞ்சம் பெரிது.
முன்பு அது என் ஹைலக்ஸின் பின்னால் இருந்தது.

அன்று சோளகம் மூன்றாம் நாளாக வீசியது.
கோபிதாசன் இறங்கி நடந்து பார்க்கவில்லை.
"போன கிழமை போன தடந்தானே" என்றான்.
மணலுக்குப் போன கிழமை என்று ஒன்று கிடையாது.
முகட்டில் ஏறினான். மறுபக்கம் இல்லை,
மண்வெட்டியால் வெட்டி எடுத்ததுபோல் ஒரு சரிவு.
ஜீப் வயிற்றில் குந்திக்கொண்டது.
மல்லாத்திய நண்டின் கால்கள் மாதிரி
சில்லுகள் சும்மா சுற்றின.

நாங்கள் சிரித்தோம்.
இதை மறைக்காமல் சொல்லவேண்டும்.
யூட்சன் படம் எடுத்தான்.
ஒருவருக்கும் கீறல்கூட இல்லை,
விபத்து முடிந்துவிட்டதென்று நினைத்தோம்.
அது அப்போது தொடங்கியிருக்கவேயில்லை.

கயிறு என்னுடையது. கொளுவியதும் நான்.
குண்டு கைக்குக் கிட்ட இருந்தது.
மச்சானின் வள்ளத்தை
இன்பர்சிட்டிக்கு இழுத்துப்போகப் பூட்டிய குண்டு,
மணலில் இருந்து ஒரு ஜீப்பைப் பிடுங்க அல்ல.
அதற்கென்று ஒரு வளையம் அடியில், சேஸியோடு இருந்தது.
குனியவேண்டும்.
புதுச் சேட்டு.
நான் குனியவில்லை.

ஜெனிற்றா சொன்னாள்,
"கயித்துக்கு மேல சாக்கை நனைச்சுப் போடுங்கோ.
அறுந்தா அது பாயாம இருக்கும்."
குடிக்கவே தண்ணி காணாது என்றேன்.
"அப்ப எல்லாரும் தள்ளி நில்லுங்கோ."
அவள் தள்ளிப் போய் நின்றாள்,
எங்கிருந்தோ கூட வந்த நாயும்.
மற்றவர்கள் கைபேசியோடு கிட்ட வந்தார்கள்.

வந்த வழியே பின்னுக்கு இழுத்தேன்.
அசையவில்லை.
இரண்டாம் தரம் கயிற்றைத் தளரவிட்டு
வேகமெடுத்துப் பாய்ந்தேன்.

சத்தம் பிறகுதான் வந்தது.
முதலில் என் வண்டி பாரமற்றுப் போனது,
கனவில் படி தவறுமே, அதுபோல.
திரும்பிப் பார்த்தேன்.
ஜீப்பின் பின் கன்வசில் ஒரு கிழிசல்.
முன் கண்ணாடியில் ஒரு ஓட்டை.
இரண்டுக்கும் நடுவில்
கோபிதாசனின் தலை இருக்கவேண்டும்.

இல்லை.

எவ்வளவு நேரமென்று தெரியாது.
சவுக்கு மரங்கள் தங்கள் பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தன.
பிறகு ஸ்டியரிங்குக்குக் கீழிருந்து
ஒரு கை எழும்பியது, கையில் ஒரு பாட்டாச் செருப்பு.
பிரேக்குக்கு அடியில் போய்விட்டதாம்.
எடுக்கக் குனிந்தானாம்.
"என்ன, அறுந்திட்டுதே?" என்று கேட்டான்.

அவன் குனிந்தான். நான் குனியவில்லை.
இதற்கு மேல் எனக்குக் கணக்குத் தெரியாது.
அன்றிரவு நெல்லியடியில் ரொட்டி வாங்கினோம்,
ஒருவரும் சாப்பிடவில்லை.

இப்போது பாட்டாவோடு ஏறினால்
இறக்கிவிடுகிறோம், கோபியையும்தான்.
முகடு ஒவ்வொன்றையும் காலால் ஏறிப் பார்க்கிறோம்,
நேற்றுப் பார்த்ததென்றாலும்.
பின்னால் ஒரு நீலக் கான் நிறையத் தண்ணீர்,
'சாக்குக்கு மட்டும்' என்று பெயின்றால் எழுதியிருக்கிறது.
எவ்வளவு விடாய்த்தாலும் அதை ஒருவரும் தொடுவதில்லை.
என் வண்டியில் குண்டு இருந்த இடம்
வெறும் ஓட்டை. வள்ளத்துக்கு மச்சான் வேறு ஆள் பார்த்தான்.

மரத்துக்கு எங்கள் கதை தெரியாது.
அது ஆறிக்கொண்டு வருகிறது.
முதல் வருசம் குண்டு முழுதாய்த் தெரிந்தது,
பிறகு பாதி.
இந்த முறை ஒரு விரல்நுனிதான் உள்ளே போனது,
புதிதாய் வந்த கோப்பாய்ப் பெடியன்
"எங்கை அண்ணை, ஒண்டும் காணேல்லையே" என்றான்.

ஜெனிற்றா பேனாக்கத்தியை விரித்தாள்.
மரத்தில் ஒருதரம் உள்ளங்கையை வைத்தாள்.
பிறகு பட்டையைச் சுற்றிச் சீவினாள்,
கறள் தெரியும்வரைக்கும்.

நாங்கள் போய்
ரயர்களில் காற்றை இறக்கத் தொடங்கினோம்.