ஓரடி முன்னே

ஷார்ஜா, பல்கலைக்கழக நகரம், மார்ச் மாதம்.
பூப்பந்து வலையைக் கழற்றிவிட்டு
அரங்கின் குறுக்கே நீல டேப் ஒட்டியிருந்தார்கள்.
டொரொன்டோவிலிருந்து வந்த அம்மாள் சொன்னார்:
நான் சொல்வது உங்களுக்குப் பொருந்தினால்
ஓரடி முன்னே வையுங்கள்.
இல்லையென்றால் நின்ற இடத்தில் நில்லுங்கள்.

நான் சம்பளப் பிரிவு.
வரச்சொல்லி மெயில் வந்தது, வந்தேன்.
யார் எங்கே போய் நிற்பார்கள் என்று
டேப் ஒட்டாமலே சொல்லியிருப்பேன்.
ஒரே பாடம், ஒரே வகுப்பறை, அதே அறுபது பிள்ளைகள்,
பாஸ்போர்ட்டின் அட்டையைப் பார்த்து மூன்று பேக்கேஜ்.
அந்த மூன்று எக்ஸெல் பக்கமும்
நான் டிக் போடாமல் நகராது.

உங்கள் பெயரை இங்கே யாரும் தப்பாகச் சொன்னதில்லை என்றால்
ஓரடி.
விமான நிலையத்தில் உங்களை மட்டும் தனியே கூப்பிட்டதில்லை என்றால்
ஓரடி.
டெக்சாஸ் பேராசிரியர்
குளிர்ந்த தண்ணீரில் இறங்குகிறவர்போல நடந்தார்.
நூலகத்து ஸ்ரீவத்ஸன் என் பக்கம் சாய்ந்து சொன்னார்:
"நாம ரெண்டு பேரும் ஒரே கோடுதான் மேடம்."

வந்த முதல் வாரமே ஊர் கேட்டவர்.
திருச்சி என்றேன்.
திருச்சியில் எங்கே என்றார்.
உறையூர் என்றேன்.
உறையூரில் எந்தத் தெரு என்றபோது
எனக்கு ஒரு போன் வந்துவிட்டது.
வராத போன்.

அந்தக் கேள்வி டொரொன்டோ பட்டியலில் இல்லை.

கதவோரம் தண்ணீர் பாட்டில் அடுக்கிக்கொண்டிருந்த
கமுதிக்காரர் காசிலிங்கத்தை
அந்த அம்மாள் கைநீட்டி அழைத்தார்.
நல்ல மனசோடுதான் அழைத்தார்.
அவர் சூபர்வைசரைப் பார்த்தார்.
சூபர்வைசர் கூரையைப் பார்த்தார்.
வந்து கோட்டின் கோடியில் நின்றார்,
ஷூ முனை டேப்பில் படாமல்.
கேள்விகள் இங்கிலீஷில்.
அவர் பக்கத்துக் கால்களைப் பார்த்தார்.
யாராவது ஒருவர் எடுத்துவைத்தால் அவரும் வைத்தார்.
பக்கத்தில் ஆளில்லாமல் போன பிறகு
கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்து வைத்தார்.
பதினாறு கேள்வி, பதினாறு அடி.
முடிவில் எல்லோருக்கும் முன்னால்,
டெக்சாஸ்காரருக்கும் ஒரு முழம் தள்ளி,
துப்புரவுக் கம்பெனிச் சட்டையில் நின்றார்
சரியாகச் செய்துவிட்ட சிரிப்போடு.

கைதட்டினார்கள்.

ஒரே ஒரு வாக்கியம், நான் சொல்லியிருக்கலாம்.
அண்ணே, நில்லுங்க, இது அப்படியில்ல.
ஸ்ரீவத்ஸன் பக்கத்தில் இருந்தார்.
என் தமிழ், வாயைத் திறந்தால்
தெருவைச் சொல்லிவிடும்.

பிறகு சண்டை.
யாரோ எடுத்த படம் பெற்றோர் கைக்குப் போனது.
பிள்ளைகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள் என்று கடிதம்.
பயிலரங்கு தொடரட்டும் என்று மாணவர்கள் நூற்றிப் பன்னிரண்டு கையெழுத்து.
பாருங்கள், கிளீனரே முதலில் நிற்கிறார்,
இங்கே ஏது பாகுபாடு என்றார் ஒரு டீன்.
பாருங்கள், ஏழைத் தொழிலாளியை
வேடிக்கைப் பொருளாக்கிவிட்டீர்கள் என்றார் இன்னொருவர்.
இருவரும் இணைத்திருந்தது அதே படம்.
காசிலிங்கத்தை யாரும் கேட்கவில்லை.
ஏப்ரலில் சஜ்ஜா பக்கம் ஒரு கிடங்குக்கு மாற்றினார்கள்.
வழக்கமான மாற்றம்தான் என்று மெயில்.
நகல் எனக்கு.

இரண்டாம் பயிலரங்கு ரத்து.
ரத்தானாலும் முழுக் கட்டணம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி.
பதினோராயிரம் திர்ஹம், நேற்று அனுப்பினேன்.
கை தானாகக் கால்குலேட்டருக்குப் போனது:
காசிலிங்கத்துக்குப் பதின்மூன்று மாசம்,
மீதி சில்லறை.

டேப்பை உரித்தும் பசை போகவில்லை,
பூப்பந்து ஆடுகிறவர்களுக்கு ஷூ ஒட்டுகிறதாம்.

இன்று ஸ்ரீவத்ஸன் ஊழியர்களின் மனுவோடு வந்தார்.
பயிலரங்கு திரும்ப வேண்டும்,
பெயர், துறை, கையெழுத்து.
"நாமதான் மேடம் மொதல்ல போடணும்."
பேனாவை வாங்கினேன்.
மூடியைத் திருகிக்கொண்டே கேட்டேன்:
நீங்க ஸ்ரீரங்கத்துல எந்தத் தெரு சார்?

உடனே சொன்னார்.
கீழச் சித்திரை வீதி,
கதவு எண்ணோடு.